கேட்டதும் உரைத்ததும்

மாந்தர்க்கு அமைந்த புலன்களுள் கண்ணுக்கு இமை உண்டு. நாவிற்குப் பல்லும் இதழும் காவலாய் உள்ளன. செவிக்கு மட்டும் கதவில்லை. அதனால் நாள்தோறும் எண்ணிறந்த ஒலிகள் நம் இசைவினை வேண்டாமலே உட்புகுகின்றன. ஆயினும் காதில் விழுந்தவை யாவும் கேட்டவை ஆகா. திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனைக் கல்லாமைக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னும் நிறுத்தினார். அவர் கருதியது சான்றோர் சொற்கேட்டலே எனினும், இசை கேட்டற்கும் அவ்வைப்பு முறை பொருந்தும் என்பது எம் துணிபு. கல்லாதவரும் கேட்கலாம்; கேட்டபின் சிறிது அறிவுடையராதலும் கூடும். இதற்குச் சான்றாக, கடந்த ஓராண்டாக யாம் நண்பர் எழுவர் கூடிக் கேட்ட இசைத்தொகுதிகள் சிலவற்றையும், அவை பற்றி எம்முள் எழுந்த அபிப்பிராயங்களையும், அவற்றால் நேர்ந்த ஒரு பிணக்கையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் விடுதியின் மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, ஒருவரும் விரும்பிக் கேளாத அறை ஒன்று உண்டு. வெயிற்காலத்தில் அது சூளை. மழைக்காலத்தில் அது குளம். அவ்வறையே எமக்கு வாய்த்த சபை. சனிக்கிழமைதோறும் இரவுணவு முடிந்தபின் ஆங்குக் கூடுவோம். எம்முள் ஒருவர் கல்லூரி ஆலயப் பாடகர் குழாத்தில் பாடுபவர். ஒருவர் இளமை முதல் பிடில் பயின்றவர். ஒருவருடைய தந்தையார் தவில் வித்துவான். ஒருவர் தில்லைக்கு அணித்தான சிற்றூரிலிருந்து வந்த சைவக்குடியினர். ஒருவர் பௌதிகம் கற்பவர். ஒலி என்றால் அலைநீளம் என்பார். எஞ்சியோர் இசையிலக்கணம் ஒன்றும் அறியார். அவருள் பொருளியல் பயிலும் நண்பரும் அடங்குவர். தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் ஓய்வுள்ளபோது படியேறி வந்து எம்முடன் பாயில் அமர்வார்.

கூட்டத்துக்கு விதிகள் நான்கு. தொகுதியை முதலிலிருந்து இறுதிவரை அதன் வரிசை மாறாமல் கேட்டல் வேண்டும் என்பது முதல் விதி. கேட்கும்போது பேசுதலும் கைப்பேசியை நோக்குதலும் கூடா என்பது இரண்டாவது. வயதில் இளையவரே முதலிற் பேசல் வேண்டும் என்பது மூன்றாவது. மூத்தோர் முந்திக்கொண்டால் இளையோர் அதற்கு ஒத்தூதுவர் ஆதலின் இவ்விதி வகுக்கப்பட்டது. 'நன்று' 'தீது' என்று கூறுமுன், கேட்டது இன்னது என்று கூறல் வேண்டும் என்பது நான்காவது. இந்நான்காம் விதியே எல்லாவற்றினும் கடினமானது. 'அருமை' என்று சொல்ல ஒரு நொடி போதும். எது அருமை, எவ்விடத்தில் அருமை என்று கேட்டால் நாவெழாது. முதல் மாதத்தில் எம் கூட்டங்கள் பெரும்பாலும் மௌன விரதமாகவே முடிந்தன.

தொகுதியை முழுதும் கேட்டல் வேண்டும் என்னும் விதியைப் பொருளியல் நண்பர் எதிர்த்தார். 'வேண்டிய பாட்டை மட்டும் கேட்டாலென்ன? கடையில் ஒரு சட்டை வாங்குவோன் கடையையே வாங்குகின்றானா?' என்பது அவர் வாதம். பௌதிக நண்பர் அதற்கு வரலாறு கொண்டு விடை தந்தார். தொடக்க காலத்துக் கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே ஓடும். 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கோஹர் ஜான் என்னும் பாடகி தட்டுக்குப் பாடியபோது, மணிக்கணக்கில் விரியக்கூடிய இராகத்தை அச்சிறு கால அளவில் அடக்கி, ஈற்றில் தம் பெயரையும் தாமே ஆங்கிலத்தில் கூறி முடித்தார். தட்டு அச்சிடும் அயல்நாட்டார் பெயரறிந்து சீட்டு ஒட்டுதற்பொருட்டே அவ்வாறு கூறினார் என்பர். நீண்ட இசையைப் பதிய வேண்டின் பல தட்டுகள் வேண்டியிருந்தன. அவற்றை உறையிலிட்டுப் புத்தகம்போற் கட்டினர். நிழற்படங்களை ஒட்டி வைக்கும் ஏட்டினைப் போலிருந்தமையின் அதனை ஆல்பம் என்றழைத்தனர். 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டு வந்து, ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியபோது கட்டு போயிற்று. பெயர் மட்டும் நின்றது. 'ஆகவே ஐயா, தொகுதி என்பது கடையன்று, புத்தகம். நடுவில் ஓர் ஏட்டைக் கிழித்துப் படித்துவிட்டு நூலைக் குறை கூறலாகாது' என்று அவர் முடித்தார். பொருளியலார் அன்று அடங்கினார். ஆயினும் முற்றும் இணங்கினார் அல்லர்.

நிற்க. யாம் முதலிற் கேட்டது இளையராஜா 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் தொகுதி. இதற்கு எவ்வாறு பெயரிடுவது என்பது தலைப்பின் பொருள். பாட்டு இல்லை, வாத்தியங்களே உள. வி. எஸ். நரசிம்மனின் பிடில் அதில் தலைமை தாங்குகின்றது. தியாகராஜருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் அது காணிக்கையாக்கப்பட்டுள்ளது. பாக் 1750-இல் மறைந்தார். தியாகராஜர் 1767-இல் பிறந்தார். இருவரும் ஒரே காலத்தில் ஒரே காற்றைச் சுவாசித்தவர் அல்லர். ஆயினும் இத்தொகுதியிலே பாக்கை எம் வீட்டிற் சந்தித்தேன் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட ஓர் உருப்படியும், அடுத்து, யாங்கள் உரையாடினோம் என்னும் பொருள்பட மற்றொன்றும் வருகின்றன. பாக் தனிப் பிடிலுக்கென இயற்றிய உருப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் மற்றொரு பிடில் நம் நாட்டு முறையில் வளைந்து குழைந்து செல்கின்றது.

அன்று முதலிற் பேசியவர் ஆலயப் பாடகர். 'வீட்டுக்கு வந்த விருந்தினர் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் அவர் பேச்சை நிறுத்தாமலே தம் பேச்சையும் பேசுகிறார். இருவர் பேச்சும் எனக்கு விளங்குகின்றது' என்றார். பிடில் நண்பர்க்கு இதில் மகிழ்ச்சியில்லை. 'கமகம் தனக்கென ஓய்வு வேண்டுவது. அடியில் ஒருவர் ஓடிக்கொண்டேயிருந்தால் அசைவு தன் இடத்திற் சென்று அமராது' என்றார். இவ்விரண்டும் உண்மையே. ஒருவர் விருந்தினர் பக்கமாக நின்று கேட்டார். மற்றவர் வீட்டுக்காரர் பக்கமாக நின்று கேட்டார். அத்தொகுதியிலேயே 'ஒப்பிடாதே' என்னும் பொருள்படும் தலைப்புடைய உருப்படியும் ஒன்றுண்டு. அதனைச் சுட்டிக் காட்டிய பொருளியல் நண்பர், 'இசையமைத்தவரே ஒப்பிடாதே என்கிறார். நீவிர் இருவரும் ஒரு மணியாக ஒப்பிட்டுக் கொண்டிருக்கிறீர்' என்று கூற, அவ்விரவு நகையோடு முடிந்தது.

அடுத்துக் கேட்டது அமெரிக்க நாட்டு ஜாஸ் இசை. மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காள வித்துவான் 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயார்க்கில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் தொகுதி அது. ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி ஆகியோர் சாக்ஸபோனும், பில் எவான்ஸ் பியானோவும், பால் சேம்பர்ஸ் பெருந்தந்தி வாத்தியமும், ஜிம்மி காப் முரசும் வாசித்தனர். ஓர் உருப்படியில் மட்டும் பியானோ வாசித்தவர் விண்டன் கெல்லி. எழுதி நெட்டுருச் செய்த இசையன்று. கருவாகச் சில குறிப்புகளை மட்டும் கொடுத்து, அவற்றின்மேல் ஒவ்வொருவரும் தம் மனோதர்மப்படி வாசிக்க விட்டார் டேவிஸ். எம்முள் ஒருவரும் அதற்குமுன் ஜாஸ் இசையைக் கருத்தூன்றிக் கேட்டதில்லை. கேட்டு முடிந்ததும் நெடுநேரம் ஒருவரும் வாய் திறந்திலர்.

முதலிற் பேசினார் பிடில் நண்பர். 'முதல் உருப்படி கரகரப்பிரியா' என்றார். யாம் வியந்தோம். அவர் தம் பிடிலை எடுத்து ஆரோகண அவரோகணம் வாசித்துக் காட்டினார். மேனாட்டார் டோரியன் என்றழைக்கும் சுர வரிசையும் நம் 22-ஆம் மேளகர்த்தாவாகிய கரகரப்பிரியாவும் சுர அளவில் ஒன்றே. 'சோ வாட்' என்னும் அவ்வுருப்படி 32 கட்டுகள் கொண்ட சுற்றாக அமைந்தது. முதல் 16 கட்டுகள் ஓராதார சுருதியில் நிற்கின்றன. அடுத்த 8 கட்டுகள் அரைச் சுரம் உயர்ந்து அதே வரிசையில் நடக்கின்றன. இறுதி 8 கட்டுகள் பழைய இடத்துக்கு மீள்கின்றன. 'கச்சேரி நடுவே யாரோ தம்பூராவை முறுக்கி ஆதார சட்சத்தையே அரைச் சுரம் உயர்த்திவிட்டு, வித்துவான் திரும்பிப் பார்ப்பதற்குள் மீண்டும் இறக்கி வைத்தாற்போல் இருந்தது' என்றார் அவர். அவ்வாறு கூறியவரே உடனே, 'ஆயினும் இதனைக் கரகரப்பிரியா என்று நான் கூறியது தவறாகப் பொருள்படும். சுரங்கள் ஒன்றாயினும் பிரயோகம் வேறு, அசைவு வேறு. ஏழு சுரமும் ஒருங்கிருந்த மாத்திரத்தில் இராகம் ஆகிவிடாது. ஏழு பேர் ஓரறையில் இருந்தால் குடும்பமாகிவிடுமா?' என்று திருத்திக் கொண்டார்.

தவில் வித்துவானின் மைந்தர் எம்முள் மிகக் குறைவாகப் பேசுபவர். அன்று அவர் ஒன்று கூறினார். 'தொடக்கத்தில் பியானோவும் பெருந்தந்தியும் தனித்துப் பேசுகின்றன. பின்பு எக்காளம் தனியாவர்த்தனம் போல எழும் இடத்தில், முரசுக்காரர் வெண்கலத் தட்டில் ஒரே ஓர் அடி அடித்தார். அவ்வோசை தேயத் தேய எக்காளம் முன் வருகின்றது. அந்த ஓரடியை என் தந்தையார் அறிவார். நாகசுவரக்காரர் ஆலாபனையை முடித்துப் பல்லவிக்குள் காலெடுத்து வைக்கும் இடம் அது.' இதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. யாம் அவ்விடத்தை மீண்டும் வைத்துக் கேட்டோம். அவ்வோரடி அதுகாறும் எம் காதில் விழுந்திருந்தது, அப்பொழுதுதான் கேட்டோம்.

பௌதிக நண்பர் தம் பங்குக்கு ஒரு செய்தி கொணர்ந்தார். மார்ச்சு 2-ஆம் நாள் பதிவு செய்த மூலப் பதிவு எந்திரம் சற்றே மெதுவாக ஓடிற்றாம். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி கூடும். ஆதலின் தட்டின் முதற் பக்கத்து மூன்று உருப்படிகளும் சிறிது சுருதி ஏறியே வெளிவந்தன. 1992-இற்றான் அதனைச் சரிசெய்து வெளியிட்டனர். அதாவது 33 ஆண்டுகள் உலகத்தார் சுருதி ஏறிய இசையையே கேட்டுப் புகழ்ந்தனர்! தட்டோடு சேர்ந்து தம் கருவியை வாசித்துப் பழகிய இசை மாணாக்கர் எத்துணைப் பேர் தம் கருவிமீது ஐயுற்றிருப்பர் என்று எண்ணி யாம் நகைத்தோம். பிடில் நண்பர் மட்டும் நகைத்திலர். 'பிழை தட்டில் இருக்க, குற்றவாளி கருவி ஆயிற்றே' என்று இரங்கினார்.

அதே மாதத்தில், அதே கட்டடத்திற் பதிவான மற்றோர் இசையையும் கேட்டோம். நியூயார்க் நகரில் 30-ஆம் தெருவில் இருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் அது. முன்னர் அது கிறிஸ்தவ ஆலயம். மக்கள் வழிபாடு நின்றபின், அதன் உயர்ந்த கூரையும் மரத்தளமும் ஒலிக்கு நலம் செய்யும் என்று கண்டு கூடமாக்கினர். இன்று அக்கட்டடம் இல்லை. இச்செய்தியைக் கேட்ட ஆலயப் பாடகர், 'கோயில் போயிற்று. கூரை மட்டும் தன் தொழிலை மறக்கவில்லை' என்றார்.

அங்கே கனடா நாட்டுப் பியானோ வித்துவான் கிளென் கூல்ட், பாக் இயற்றி 1741-இல் வெளியான கோல்ட்பர்க் விகற்பங்களை இருமுறை பதிவு செய்தார். ஓர் அடிப்படைப் பாடல், அதன் கீழ்ச்சுர நடையின்மேற் கட்டிய 30 விகற்பங்கள், ஈற்றில் அப்பாடலே மீண்டும் என்பது அந்நூலின் அமைப்பு. 1955-இல் முதன்முறை வாசித்தபோது அவருக்கு வயது 22. இசை 38 நிமிடத்தில் முடிந்துவிடும். 1981-இல் மீண்டும் வாசித்தார். மெதுவாக வாசித்தமையாலும் சில பகுதிகளை இருமுறை வாசித்தமையாலும் அது 51 நிமிடம் நீண்டது. இரண்டாம் பதிவு வெளிவந்த 1982-ஆம் ஆண்டிலேயே, 50 வயது நிரம்பிய சின்னாளில், அவர் இறந்தார். இரு பதிவுகளையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டோம்.

இளையோர் பெரும்பாலும் முதற்பதிவின் பக்கம் நின்றனர். அதன் ஓட்டம் மலையருவியைப் போன்றது, எக்கல்லிலும் இடறாதது. பேராசிரியர் இரண்டாம் பதிவையே விரும்பினார். 'முன்னதில் அடிப்படைப் பாடல் 2 நிமிடம் ஆகுமுன் முடிகின்றது. பின்னதில் 3 நிமிடம் கடக்கின்றது. சுரங்கள் அவையே. முன்னதில் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுகின்றார். பின்னதில் வீட்டுக்குத் திரும்புகின்றார்' என்றார். 'ஐயா, அவர் இறந்த செய்தியை அறிந்திருப்பதால் தாங்கள் அவ்வாறு கேட்கின்றீர்கள்' என்று பணிவோடு மறுத்தார் பொருளியல் நண்பர். பேராசிரியர் சிறிது எண்ணி, 'ஆம் தம்பி, ஆகலாம். அறிந்ததை அறியாதது போல் கேட்க எனக்குத் தெரியவில்லை' என்றார். அம்மறுமொழி எம் உள்ளத்தில் நின்றது. பதிவுகளில் பியானோவோடு கூடவே கூல்டின் முனகற் குரலும் கேட்கின்றது. ஆலயப் பாடகர்க்கு அது இடையூறு. எம் தவில் நண்பர்க்கோ அதுவே இன்பம். 'கை வாசிக்கும்முன் வாய் கொன்னக்கோல் சொல்லிவிடுகின்றது' என்றார் அவர்.

இவ்வளவும் விளையாட்டுப்போல நிகழ்ந்தன. அடுத்து நேர்ந்ததே எமக்கு விளையாட்டன்று.

ஆலயப் பாடகர் தம் முறை வந்தபோது இளையராஜாவின் 'திருவாசகம்' தொகுதியைக் கொணர்ந்தார். 2005-ஆம் ஆண்டில், ஒரு கத்தோலிக்கக் குருவானவர் முன்னின்று நடத்திய தமிழ் மையம் அதனை வெளியிட்டது. அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் வாசிக்க, மாணிக்கவாசகரின் பாடல்கள் ஓரடோரியோ என்னும் மேனாட்டு வடிவை ஒட்டி அமைந்துள்ளன. ஆங்கில வரிகளும் ஊடே வருகின்றன. தில்லை நண்பருக்கு அது விருந்தாகும் என்றெண்ணியே அவர் அதனைத் தேர்ந்தார்.

கேட்டு முடிந்தது. தில்லை நண்பர் முகம் வாடியிருந்தது. அவர் முறை வந்தபோது, 'இதில் எனக்குத் திருவாசகம் கேட்கவில்லை' என்றார். காரணம் கூறுமாறு யாம் வேண்டினோம். 'எங்கள் வீட்டில் பாட்டி விளக்கேற்றியபின் பாடுவார்' என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் பொருளியல் நண்பர், 'பாட்டி பாடியதோடு ஒப்பிட்டால் உலகில் எந்த இசைக்குழுவும் தேறாது' என்றார். நகைச்சுவையாகவே கூறினார். ஒருவர் இருவர் சிரித்தும் விட்டனர். தில்லை நண்பர் எழுந்து தம் பாயைச் சுருட்டிக்கொண்டு சென்றார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை, மூன்றாவதும் அவ்வாறே. எழுவர் அறுவரானோம். அவ்வறுவருள் ஆலயப் பாடகரும் மனமுடைந்தார். தாம் அன்பினால் கொணர்ந்தது பிறர் உடைமையைத் தீண்டியது போல் ஆயிற்றே என்பது அவர் துயரம். கூட்டத்தையே கலைத்துவிடலாம் என்றும் பேச்செழுந்தது.

மிஷன் கல்லூரியில் பல சமயத்தாரும் ஒருங்கே உண்டு உறங்கிப் பயில்கின்றோம். ஒருவர் வழிபாட்டில் மற்றவர் தலையிடாமை எம் பழக்கம். தலையிடாமை மட்டும் போதும் என்று எண்ணியிருந்தோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு வினாவாயிற்று. ஒருவர் போற்றுவதைப் பற்றி மற்றவர் பேசவே கூடாதா? பேசலாம் எனின் எவ்வாறு பேசுவது?

பேராசிரியரிடம் சென்று உரைத்தோம். அவர் தீர்ப்பு ஒன்றும் கூறவில்லை. இரு செய்திகளை மட்டும் நினைவூட்டினார். சாயர்புரத்திலும் பிறவிடத்தும் மிஷனரியாய்த் தொண்டாற்றிய ஜி. யு. போப் ஐயர், 1900-ஆம் ஆண்டில் தம் 80-ஆம் வயதில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். தம் சமயத்தை விட்டு நீங்காமலே பிறர் சமயத்து நூலில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் அவர். இது முதற் செய்தி. ஹேண்டல் இயற்றிய 'மெசையா' என்னும் ஓரடோரியோ 1742-இல் டப்ளின் நகரில் முதன்முதல் பாடப்பட்டுப் பாராட்டுப் பெற்றது; மறு ஆண்டு இலண்டனில் பாடவிருந்தபோது, வேதத்தின் சொற்களை நாடகக் கொட்டகையிற் பாடுவது தகுமா என்று கிறிஸ்தவருள்ளேயே கண்டனம் எழுந்தது. இன்று எம் பாடகர் குழாம் கிறிஸ்துமஸ் காலத்தில் எழுந்து நின்று பாடும் அல்லேலூயாக் கோவை அதில் உள்ளதே. இஃது இரண்டாம் செய்தி. 'ஆகவே உங்கள் தில்லை நண்பரின் மனக்குறை புதிதுமன்று, இழிந்ததுமன்று. அவர் சொல்லத் தொடங்கியதை முடிக்க விடுங்கள்' என்றார் பேராசிரியர்.

ஆலயப் பாடகரும் பொருளியல் நண்பரும் தில்லை நண்பர் அறைக்குச் சென்றனர். அங்கே என்ன பேசினர் என்பதை யாம் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. நான்காம் சனிக்கிழமை மூவரும் ஒருங்கே படியேறி வந்தனர்.

'இன்று என் முறையாக வைத்துக்கொள்ளுங்கள்; நான் கொணர்ந்த தொகுதி இது' என்று கூறித் தில்லை நண்பர் வெறுங்கையுடன் அமர்ந்தார். அமர்ந்து, திருவாசகத்தில் ஒரு பதிகத்தைத் தம் பாட்டியார் பாடும் முறையில் தாமே பாடினார். ஓதுவார் மரபில் திருவாசகம் மோகன இராகத்திற் பாடப்பெறுவது. ஐந்தே சுரங்கள், தாளக் கட்டில்லை, சொல் எவ்விடத்தில் நிற்க வேண்டுமோ அவ்விடத்திற் பண் நிற்கின்றது. அவர் குரல் பயின்ற குரலன்று, இரண்டோரிடத்தில் கம்மிற்று. தண்ணீர்த் தொட்டியில் நீர் விழும் ஓசையும் உடனிருந்தது. பாடி முடித்தபின் விதிப்படி இளையவர் பேச வேண்டும். இளையவர் அன்று பொருளியல் நண்பரே. அவர், 'ஒவ்வோரடியின் ஈற்றிலும் தாங்கள் மூச்சு விட்டதைக் கேட்டேன். அவ்விடத்தில் வேறு எவ்வோசையும் புகக் கூடாது என்று எனக்கும் தோன்றிற்று' என்றார். மன்னிப்பு என்னும் சொல்லை அவர் கூறவில்லை, வேண்டவுமில்லை.

பின்னர் ஆலயப் பாடகர் பேசினார். 'எங்கள் ஆலயத்தில் ஒருவர் தனித்துப் பாடுவது பெரிதன்று. பலர் பல குரலில் ஒன்றாய்ப் பாடுவதே பெரிது. என் இளமையிலிருந்து இறைவனுக்கு ஏற்ற ஒலி என்றால் எனக்கு அதுவே. அதனால், பன்னிறக் குரல்களும் நூற்றுக்கணக்கான தந்திகளும் மாணிக்கவாசகருக்காக எழுந்து நின்றதைக் கேட்டபோது, அவர்க்கு உரிய மரியாதை கிடைத்தது என்றே கேட்டேன்.' இதனைக் கேட்ட தில்லை நண்பர், தொகுதியை மற்றொரு முறை வைக்குமாறு தாமே கூறினார். மீண்டும் கேட்டோம். முடிந்தபின் அவர் உரைத்தது இது: 'எனக்கு இன்னமும் மோகனமே வேண்டும். அதில் மாற்றமில்லை. ஆயினும் பல குரல்களும் ஓய்ந்து ஒரு குரல் தனித்து நிற்கும் இடங்கள் இதிலும் உள்ளன. முன்பு அவற்றை நான் கேட்கவில்லை. இவர் இதனை ஏன் எனக்குக் கொணர்ந்தார் என்பதும் இன்று விளங்கிற்று.'

அபிப்பிராயம் மாறவில்லை, நட்பும் கெடவில்லை. இரண்டும் ஒருங்கே நிற்றல் கூடும் என்பதை யாம் அன்று கண்ணாற் கண்டோம்.

இக்காலத்தில் இசைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசி ஒன்றிருந்தால் உலகத்து இசையெல்லாம் காதடியில் வந்து நிற்கும். ஒரு பாட்டு முடிந்தவுடன் மறுபாட்டை எந்திரமே தேர்ந்து தருகின்றது. நாம் முன்பு விரும்பியதைப் போன்றதையே தேடித் தருகின்றது. ஐந்து நட்சத்திரங்களுள் இத்தனை என்று மதிப்பிடுமாறும் வேண்டுகின்றது. இவற்றை யாமும் பயன்படுத்துகின்றோம், இகழ்கின்றோம் அல்லேம். ஆயினும் விரும்பியதைப் போன்றதையே நாள்தோறும் கேட்பவர்க்கு, தவில் வித்துவானின் மைந்தர் நியூயார்க்கு முரசில் தம் தந்தையாரைக் கண்ட அவ்வோரடியைச் சுட்டிக் காட்டுவார் யார்? நட்சத்திரம் இத்தனை என்பதில், அடியின் ஈற்றில் விடும் மூச்சு எங்ஙனம் அடங்கும்? தில்லை நண்பர் முதலிற் கூறிய சொல்லை நட்சத்திரமாக்கினால் ஒன்று கூடத் தேறாது. அச்சொல்லின் பின்னே விளக்கேற்றிய ஒரு வீடும், அவ்வீட்டில் ஒரு முதியவளின் குரலும் இருந்தன. அவற்றை அறிதற்கு, சொல்லத் தொடங்கியவரைச் சொல்லி முடிக்க விடும் பொறுமையே வேண்டியிருந்தது. அப்பொறுமை வந்தபின், எம் நான்கு விதிகளோடு ஐந்தாவதாக அதனையும் சேர்த்துக் கொண்டோம்.

இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் எம்முள் நால்வர் கல்லூரியை விட்டு நீங்குவர். ஊர்தோறும் பிரிந்தாலும் மாதம் ஒரு தொகுதியை ஒரே நாளிரவில் கேட்டு, ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்வதென முடிவு செய்துள்ளோம். எஞ்சிய மூவரும் அவ்வறையிலேயே இருப்பர். புதிய மாணவர் யாவரும் வரலாம். இசை பயின்றிருத்தல் வேண்டுவதில்லை. சாதி சமயம் கேட்பாரில்லை. பாய் மட்டும் கொணர்தல் வேண்டும். முதல் நாளிலேயே பேச நேரிடும் என்பதையும் அறிந்து வருக; ஏனெனில் அன்று அவரே இளையவர்.